மலை ஏறாத திருப்பதி

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் என் மாமியாருக்குக் கிடைத்த மரியாதை ஊர்த் தலைவரான சர்பஞ்சுக்குக்கூடக் கிடைத்ததில்லை. நாங்கள் போய் நின்றதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். சத்தியவேட்டுக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு கிளம்பி நிற்கிற பெண்கள் என் மகளின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். யாராவது ஒருத்தி இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து மாமியார் கையில் வைப்பாள்.

"உண்டியல்ல போட்டுடும்மா. மருமவ உண்டாயிகீறா. நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்."

மாமியார் அந்த முடிச்சை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடி, உதட்டை அசைத்து, பைக்குள் போட்டுக்கொள்வார். மாதம் தவறாமல் திருப்பதிக்குப் போகிற குடும்பம் என்றால் சும்மாவா?

இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷங்களில் நாங்கள் ஒரு தடவைகூட மலை ஏறவில்லை. நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர் என்று பஸ் சுற்றிக்கொண்டு போய்த் திருப்பதியில் இறக்கிவிடும். மலைக்குப் போகிறவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு ஒரு பக்கம் போவார்கள். நாங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவோம். அங்கே குழந்தைகள் வார்டில் என் மகளைப் படுக்கவைத்து ரத்தம் ஏற்றுவார்கள். சாயங்காலம்வரை பை சொட்டிக்கொண்டிருக்கும். அந்த வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். எங்களுக்கும் பெருமாளுக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

அவளுக்கு இருந்தது தலசீமியா. பிறக்கும்போதே கூட வருகிற ரத்த நோய். உடம்பு தானாக நல்ல ரத்தம் ஊற வைக்காது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், ஆயுசு முழுக்க. இதை இன்றைக்கு நாலு வரியில் எழுதிவிட்டேன். தெரிந்துகொள்வதற்குள் எங்கள் பிராணன் போய் வந்தது.

பிறந்து சில மாதத்தில் குழந்தை வெளுக்க ஆரம்பித்தாள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நல்ல கறுப்பு. ஊரே வந்து பார்த்துவிட்டு, "இன்னா கலரு, இன்னா கலரு! குங்குமப்பூ துன்னியா?" என்று என்னைக் கேட்டது. குங்குமப்பூவை நான் டப்பாவில்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் பெருமையாக இருந்தது. பவுடர் போடாமலே வெள்ளையாக ஒரு பெண் குழந்தை! கல்யாண செலவு மிச்சம் என்று என் வீட்டுக்காரரைக் கேலி செய்தேன். ரத்தம் இல்லாமல் வெளுத்த முகத்தைத்தான் அப்படிக் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் பால் குடிக்கவே மூச்சு வாங்கியது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. சோகை என்றார் ஒருத்தர், தோஷம் என்றார் இன்னொருத்தர். மந்திரித்தோம், தாயத்து கட்டினோம். மாமியார் ஆட்டு ஈரலை வேகவைத்து மசித்து ஊட்டினார், முருங்கைக்கீரையைச் சாறு பிழிந்து கொடுத்தார். எந்த டாக்டரிடம் போனாலும் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். எல்லாம் வீண். கடைசியில் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. தெலுங்குதான் பேசுவார், நாங்களும் எங்களுக்கு வந்த தெலுங்கில் சமாளித்தோம். குழந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "மேனரிகமா?" அதாவது அத்தை மகன், மாமன் மகள் என்று முறையில் கட்டிக்கொண்டதா என்று. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, "சொந்த அத்தை மகன்தான் மேடம், வெளியே எங்கேயும் போகல" என்றேன். என் அப்பாவின் கூடப்பிறந்த அக்காதான் என் மாமியார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் நல்ல சம்பந்தம் கிடையாது. பெண் கண் கலங்கினால் துடைக்கச் சொந்த அத்தை இருப்பாள் என்பார்கள்.

எங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, "இத்தரிக்கீ சகம் சகம் உந்தம்மா" என்றார். இருவரிடமும் பாதி பாதி இருக்கிறது. பாதி இருக்கிறவருக்கு ஒரு தொந்தரவும் வராது, இருப்பதே தெரியாது. பாதியும் பாதியும் கல்யாணம் செய்துகொண்டால், பிறக்கிற பிள்ளைக்கு முழுசாக வரலாம். சொந்தத்தில் கட்டினால்தான் வரும் என்றில்லை, ஆனால் ஒரே குடும்பத்தில் அந்தப் பாதி பல பேரிடம் ஒளிந்திருக்கும். அதனால் உங்கள் கூடப்பிறந்தவர்களையும் கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு ஒரு தம்பி. என் வீட்டுக்காரருக்கு ஒரு தங்கை. அன்றைக்கு அது மனதில் உறைக்கவில்லை. மடியில் கிடந்தவளைத் தவிர வேறு எதுவும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"எங்க ரத்தத்துலயா கொறன்னு சொல்றா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் கல்யாணமாகி வந்த காலத்தில் அந்த வீட்டுக்குக் கைப்பிடி நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் நாற்று நட்டு, அடுத்தவர் மாட்டுக்குப் புல் அறுத்து, தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றக் கையேந்திக் குடித்தவர். "அதுங்க ரத்தமே அப்படி" என்று அவர் காது படப் பேசியிருக்கிறார்கள். அப்புறம் பட்டா வந்தது, கொஞ்சம் வேர்க்கடலை போட்டார்கள், ஒரு மாடு வாங்கினார்கள். பக்கத்தில் கம்பெனிகள் வந்ததும் மகன் யூனிஃபாரம் போட்டுக் கம்பெனி பஸ்ஸில் போனான், மகளும் போனாள். இத்தனைக்கும் பிறகு ஒரு டாக்டர், படித்தவள், ரத்தத்தில் குறை என்கிறாள். அந்த வார்த்தை அவருக்குப் பழைய வார்த்தையாகத்தான் கேட்டது.

"யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். "எனக்கு இன்னும் ஒரு பொண்ணு கீது. இந்த வூட்ல ரத்தத்துல சீக்குன்னா எவன் வாசப்படி ஏறுவான்?"

அடுத்த முறை பஸ் நிறுத்தத்தில் யாரோ எங்கே பயணம் என்று கேட்டபோது, மாமியார் கொஞ்சமும் தயங்காமல், "பேத்திக்கு வேண்டுதல். மாசாமாசம் பெருமாளப் பாக்க வர்றேன்னு வேண்டிக்கினுகீறேன்" என்றார். அவ்வளவுதான். ஒரே நாளில் நாங்கள் பக்தர்களாகிவிட்டோம்.

பொய் சொல்வதும் லேசான வேலை இல்லை. திருப்பதிக்குப் போய்வந்தால் லட்டு வேண்டுமே! பஸ் ஸ்டாண்டு பக்கத்து மிட்டாய்க் கடையில் வாங்கிக்கொண்டு வந்தோம். டீக்கடைக்காரர் வாயில் போட்டுக்கொண்டு, "பச்சைக் கற்பூர வாசனையே காணோமே" என்றார். அதிலிருந்து மாமியார் கடை லட்டை வீட்டில் உதிர்த்து, நெய் விட்டு, முந்திரி வறுத்துப் போட்டு, பச்சைக் கற்பூரம் நுணுக்கித் தூவி, மறுபடி உருட்டித்தான் வீடு வீடாகக் கொடுத்தார். ஊரே சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. எனக்கும் என் நாத்தனாருக்கும் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

முடிச்சுகளை மட்டும் மாமியார் தொடமாட்டார். சாமி காசு என்று டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்தார். மருமகள் பிரசவம், மகனுக்கு வேலை, கோர்ட்டுக் கேசு, காணாமல் போன மாடு என்று ஊரின் வேண்டுதல்கள் எல்லாம் எங்கள் வீட்டுப் பெட்டியில் முடங்கிக் கிடந்தன.

என் மகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தோம். "பெருமாளப் பாத்தியா?" என்று கேட்டால், "பாத்தேன், நல்லாப் பாத்தேன்" என்று சொல்ல வேண்டும். அவள் அதோடு நிறுத்தவில்லை. "என்னப் பாத்து சிரிச்சாரு", "எங்கிட்ட மட்டும் பேசினாரு" என்று நாளுக்கு நாள் சேர்த்துக்கொண்டே போனாள். கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் ரகசியமாக, "நெஜமா எப்பிடிம்மா இருப்பாரு?" என்று கேட்பாள்.  பல் விழ ஆரம்பிக்காத குழந்தை.

ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது தனிக் கதை. எங்கள் சொந்தத்தில் இருக்கிற ஆம்பிளைகள் பெருமாளுக்கு என்றால் தலையை மொட்டையடிக்க வரிசையில் நிற்பார்கள். ரத்தம் என்றால் ஒருத்தருக்கு வயல் வேலை, ஒருத்தருக்கு முதுகுவலி. கொடுத்தால் ஆண்மை போய்விடும் என்று என் சித்தப்பாவே சொன்னார். அவர் ஆண்மையை வைத்துக்கொண்டு அதுவரை என்ன சாதித்தார் என்று கேட்க வாய்வரை வந்தது. கடைசியில் என் வீட்டுக்காரரோடு கம்பெனியில் வேலை செய்த ஒடிசாப் பையன்கள்தான் முறைபோட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்கள். என் மகள் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது அவர்களுக்கு.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் என் தம்பிக்குக் குவைத் விசா வந்தது. பாலசமுத்திரம் பக்கத்தில் என் அம்மா வீடு. ஏசி மெக்கானிக் படித்திருந்தான். போவதற்கு முன்னால் ஒரு கால்கட்டுப் போட்டுவிட வேண்டும் என்று அம்மா துடித்தாள். பெண் தேடவே வேண்டாம், கையிலேயே இருந்தாள். என் நாத்தனார். பெண் கொடுத்த வீட்டில் பெண் எடுப்பது எங்களில் பெரிய கௌரவம். இரண்டு பக்கமும் வாய் பேசாது, சீர் வம்பு கிடையாது.

அதைவிட, அவர்களுக்கே பிடித்திருந்தது. என் தம்பி அக்கா மகளைப் பார்க்க வருகிறேன் என்று வருவான். ஒரு கையில் குழந்தைக்குப் பிஸ்கட், இன்னொரு கையில் யாருக்கென்று சொல்லாமல் ஒரு மல்லிகைப் பந்து. நாத்தனார் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, அவன் செருப்பை வாசலில் பார்த்ததும், பின்பக்கமாகச் சுற்றிப்போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இருவருக்கும் நினைப்பு.

எனக்கு அப்போதுதான் டாக்டரம்மா சொன்னது உறைத்தது. அதே இரண்டு வீடு. நான் அங்கிருந்து இங்கே வந்தேன், இவள் இங்கிருந்து அங்கே போகப்போகிறாள். எனக்கு இருக்கிற பாதி என் தம்பிக்கும் இருந்தால்? என் வீட்டுக்காரருக்கு இருக்கிற பாதி இவளுக்கும் இருந்தால்? இன்னொரு குழந்தை இதே கட்டிலில் படுக்குமே! நாங்கள் பயந்துபோய் அடுத்த பிள்ளையே வேண்டாம் என்று இருந்தோம். இவர்கள் எதுவும் தெரியாமல் போய் விழ வேண்டுமா? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பாக்கணும், பாக்கணும்" என்றார். அவர் அம்மா எதிரில் வந்ததும் வாய்க்குப் பூட்டு.

அந்த நேரத்தில் தம்பியின் மெடிக்கல் முடிவு வந்தது. விசாவுக்காகச் சென்னையில் ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே எல்லாம் எடுத்து "ஃபிட்" என்று சீல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மா வீட்டில் அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்தார்கள். எங்கள் வீட்டில் மாமியார் பாயசம் வைத்தார்.

"பாத்தியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "குவைத்துக்காரனே அலசிப் பாத்துட்டான். அவன் பாக்காத ரத்தமா? எங்க ரத்தத்துல கொறன்னு சொன்னாளே உன் டாக்டரு, அவகிட்டப் போய் இதச் சொல்லு."

பாயசத்தை நானும் இரண்டு டம்ளர் குடித்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. அரபு நாட்டுக்கே சரியான ரத்தம் எங்களுக்குச் சரியாக இருக்காதா? அடுத்த முறை திருப்பதிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன்.  அவர் மெதுவாகச் சொன்னார். அங்கே காச நோய் இருக்கிறதா, மஞ்சள் காமாலை இருக்கிறதா, எய்ட்ஸ் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பாதி தலசீமியா உள்ளவன் நன்றாக வேலை செய்வான், அதைப் பார்க்க அவர்களுக்கு என்ன அவசியம்? அது தனி டெஸ்ட், அதைச் செய்தே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டில் வெடித்தது.

"அத்த, இது வேற டெஸ்டாம். ரெண்டு பேருக்கும் பாத்துட்டு அப்பால பரிசம் வச்சிக்கலாம்" என்றேன்.

"பொட்டப்புள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்ன ரத்தம் பாத்தாங்கன்னா ஊரு இன்னாடி சொல்லும்? வயித்துல எதனா கீதான்னு பாத்தாங்கன்னு சொல்லும்!"

"ஊரு சொல்றதயே பாத்துக்கினு இருந்தா, பொறக்கற புள்ளய யாரு பாக்கறது?"

"எந்தம்பி மவ நீ. உங்கூட்டு ரத்தமும் எங்கூட்டு ரத்தமும் ஒண்ணுதான். அத நீயே கொற சொல்றியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதார். கோபமாக இருந்தாலும், அந்த அழுகையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இதையெல்லாம் நாத்தனார் கேட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அடுத்த முறை, "நானும் வர்றேன் அண்ணி" என்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வார்டில் நர்ஸ் ஊசியோடு வந்ததும் என் மகள் எப்போதும்போல் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நாத்தனார் தன் கையை நீட்டி, "மொதல்ல எனக்குக் குத்தச் சொல்றேன், நீ பாரு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வார்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே டாக்டரம்மாவிடம் பேசிவைத்திருக்கிறாள். ரத்தம் எடுத்துச் சிறு குப்பியில் பிடித்துச் சீட்டு ஒட்டும்வரை குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

முடிவை வாங்கத் தனியாகப் போனாள். திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எனக்கும் பாதி கீது அண்ணி" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமாவுக்கு இல்லன்னா பரவால்ல இல்ல?" என்று கேட்டாள்.

"இல்லன்னா ஒண்ணும் பரவால்ல. தாராளமா கட்டிக்கலாம்."

"அவருக்கு இருக்காது" என்றாள். "அவரு ஆளப் பாத்தாலே தெரியுது."

ஆளைப் பார்த்தால் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்தால் தெரிந்ததா? 

தம்பிக்கு ஃபோன் போட்டேன். எகிறினான். "ஃபிட்டுன்னு சீல் போட்டுக் குடுத்தவன மறுபடி டெஸ்ட் பாக்கச் சொல்றியேக்கா? வேற எதனா வந்து விசா போச்சின்னா?" என்றான். இது கல்யாணத்துக்கு, விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று எவ்வளவோ சொன்னேன். வைத்துவிட்டான். நாத்தனார் பேசியபோதும் அதே பதில்தான் வந்திருக்கிறது. அதற்குள் பரிசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

பரிசத்தன்று அம்மா வீட்டிலிருந்து வேன் நிறைய வந்தார்கள். தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள் குங்குமம், பழம், நடுவில் புடவைத் தட்டு. எங்களில் பெண் அந்தப் புடவைத் தட்டைக் கையில் வாங்கி, உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். வாங்கிவிட்டால் முடிந்தது, அப்புறம் பேச்சில்லை. என் அம்மா தட்டைத் தூக்கி நீட்டினாள். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்கும்மா" என்றாள் அம்மா.

"மாமா ரத்தம் பாக்கட்டும் அத்த. எனக்குப் பாத்துட்டேன். எனக்குப் பாதி கீது. அவருக்கு இல்லன்னா இந்தப் பொடவயதான் கட்டுவேன்."

 மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்மா தட்டை நங்கென்று கீழே வைத்துவிட்டு என்மேல் பாய்ந்தாள். "நீதான்டி சொல்லிக் குடுத்துகீற! கூடப்பொறந்தவன் வாழறது பொறுக்கல உனக்கு!"

அதற்குமேல் எனக்கும் அடங்கவில்லை. தம்பியைப் பார்த்துத்தான் பேசினேன். "யாரோ ஒரு கம்பெனிக்காரன் கேட்டான், சட்டயக் கழட்டிக்கினு வரிசைல நின்ன. ரத்தம் குடுத்த, மூத்திரம் குடுத்த, சந்தோசமா வந்து லட்டு குடுத்த. கட்டிக்கப்போறவ கேக்கறா. அவளுக்கு ஒரு சொட்டு குடுக்க உனக்கு அவமானமா?"

 அவன் கண் என் மகள்மேல் போயிருந்தது. ரத்தம் ஏற்ற வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வழக்கமாக மாமன் குரல் கேட்டால் பாய்ந்து வந்து சட்டைப் பையைத் துழாவுகிறவள், அன்று மூலையில் பாயில் படுத்துக்கொண்டு, தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். உதடும் நகமும் காகிதம் மாதிரி இருந்தன. அந்த நாட்களில் நாங்கள் அவளை யார் கண்ணிலும் காட்டமாட்டோம். ஏற்றி முடித்த பிறகு சிவந்து இருக்கும்போதுதான் அவனும் பார்த்திருக்கிறான். எழுந்து போய் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்கி நான் இட்டுக்கினு போறேன்" என்றான்.

மறுநாள் அவனும் எங்களோடு வந்தான். வார்டில் வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தான். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு பை. கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றுவிட்டு, யாரும் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் நின்றான்.

அவனுக்கும் இருந்தது.

முடிவு வந்த அன்று அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள். நான் குழந்தையோடு உள்ளேயே இருந்துகொண்டேன். டாக்டரம்மா வேறு வழியும் சொல்லியிருந்தார். கல்யாணம் செய்துகொண்டு, உண்டாகிற ஒவ்வொரு தடவையும் வயிற்றிலேயே குழந்தைக்கு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம், முழுசாக இருந்தால் கலைத்துவிடலாம் என்று. நாத்தனார் திரும்பி வந்து, "நான் இவளத் தூக்கி வளத்தவ அண்ணி. இவள மாதிரி ஒண்ணு வேணாம்னு கலைக்க என்னால ஆவாது. பெத்துட்டு இங்க இட்டாரவும் ஆவாது" என்றாள். கண் வீங்கியிருந்தது. அவன் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. அடுத்த மாதமே குவைத்துக்குப் போய்விட்டான். நான் நியாயத்தைத்தான் செய்தேன். இருந்தாலும் அந்த மல்லிகைப் பந்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

ஊர் சும்மா இருக்குமா? பரிசத் தட்டு திரும்பிப் போனதை வேனோடு பார்த்த ஊர். கம்பெனிக்குப் போகிற பெண், ஷிஃப்டு முடிந்து இருட்டில் வருகிற பெண், ஏதோ இருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். நாத்தனார் காதில் வாங்காதவள் மாதிரி பஸ் ஏறிப் போய் வந்தாள். மாமியார்தான் சுருங்கிப்போனார். வெளியே தலை காட்டவில்லை, லட்டு உருட்டவில்லை. நான் போய்ச் சமாதானம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அடுத்த முறை நானும் வீட்டுக்காரரும் குழந்தையோடு திருப்பதிக்குக் கிளம்பினோம். நாத்தனார் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். மாமியாரும் வருகிறேன் என்று புறப்பட்டார். கையில் கனமாக ஒரு பை. 

பஸ் நிறுத்தத்தில் அதே கத்தரிக்காய்க்காரி. வழக்கம்போல முடிச்சை நீட்டினாள். நீட்டிக்கொண்டே நாத்தனாரை ஒரு பார்வை பார்த்து, "இந்தப் புள்ளைக்கும் நல்லா வேண்டிக்கோ. பண்ண பாவம் எதுனா இருந்தா பெருமாளு மன்னிப்பாரு" என்றாள்.

மாமியார் முடிச்சை வாங்கவில்லை.

"எம் பொண்ணு இன்னாடி பாவம் பண்ணா?" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. டீக்கடை பெஞ்சு மொத்தமும் திரும்பியது. "நாங்க மலைக்கிப் போவல. ஒரு நாளும் போவல. ஆசுபத்திரிக்கிப் போறோம். எம் பேத்திக்கு ரத்தத்துல சீக்கு. பொறவியிலயே வந்தது. எம்புள்ளகிட்டயும் பாதி, மருமவகிட்டயும் பாதி. அந்த மாதிரி இன்னொரு கொயந்த பொறக்கக் கூடாதுன்னுதான் எம் பொண்ணு தட்ட வேணாம்னா. மனசுக்குப் புடிச்சவன வேணாம்னா. உன் ஜென்மத்துல அப்பிடி ஒண்ணு நீ பண்ணிகீறியா?"

 மாமியார் பையைத் திறந்து காட்டினார். உள்ளே மஞ்சள் முடிச்சுகள்.

"எல்லாம் இங்கதான் கீது. ஒண்ணுகூடத் தொடல. இன்னிக்கி ரத்தம் ஏத்தி முடிஞ்சதும் நானே மலைக்கி ஏறிப் போட்டுட்டு வர்றேன். அப்பால எங்கிட்ட யாரும் குடுக்காதீங்க."

பஸ் வந்தது. ஏறினோம். யாரும் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. பஸ் நகரும்போது டீக்கடைக்காரர் மட்டும் ஓடிவந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரத்தம் யாரு வேணா குடுக்கலாமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் பஸ் வேகமெடுத்துவிட்டது. வரலாம் என்பதுபோல் கையை மட்டும் ஆட்டினார்.

பிச்சாட்டூர் தாண்டியிருக்கும். நாத்தனார் மடியில் படுத்திருந்த என் மகள் கையை நீட்டி மாமியாரின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆயா, இனிமே பெருமாளப் பாத்தேன்னு சொல்ல வேணாமா?"

"வேணாம்மா."

"கேட்டாங்கன்னா?"

 "ரத்தம் ஏத்திக்கினு வந்தேன்னு சொல்லு. எங்கூட்ல கல்யாணத்துக்கு முன்ன ரத்தம் பாக்கல, நீங்க பாத்துக்கோங்கன்னு சொல்லு."

என் மகள் அதை உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெருமாள் சிரித்த கதையைவிட இது அவளுக்குச் சுலபமாக இருந்தது. நாத்தனார் அவள் தலையைத் தடவிக்கொண்டே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புத்தூர் வரும்வரை அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை.